மாமாவைக் கவிழ்த்த டெலஸ்கோப்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் றிஸ்மிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பாவின் முழங்காலையும் என் மானத்தையும் தவிர வீட்டில் எல்லாம் சுகம், நீயும் டோஹாவில் அல்லாஹ்வின் காவலில், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய டெலஸ்கோப் பத்திரமாக வந்து சேர்ந்தது. வாப்பா பூட்டிப் பார்த்து இரண்டு ஆணி மிச்சம் என்றார், நான் கழற்றி மறுபடி பூட்டினேன், இப்போது ஒன்றுதான் மிச்சம். நிலாவைப் பார்க்க முதல், பகலில் தூரத்துச் சாமான் ஒன்றைப் பார்த்து, மேலே உள்ள சின்னக் குழாயையும் பெரிய குழாயையும் ஒரே இடத்துக்கு நேராக்க வேண்டும் என்று நீ சொன்னாய்தானே, அதனால் போன கிழமை செவ்வாய் அஸர் தொழுதுவிட்டு மேல்மாடியில் வைத்து, சூரியன் பக்கம் போகாமல் கடல் பக்கம் திருப்பினேன். மழைக்குணம், வானமும் கடலும் ஒரே சாம்பல். நடுவில் உன் பக்கீர் மாமாவின் பச்சைப் படகு, அடிப்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. உன் தங்கச்சி றுஸ்தாவின் கல்யாணத்தில் கடைசிச் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, இனிப்புக்கு வட்டிலப்பம் கிடைக்காமல் போன நாளிலிருந்து, எட்டு மாதமாக என் கூடப்பிறந்த காக்கா என்னோடு கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தக் கோபம் தீராமலே கடலில் மூழ்கி மௌத்தாகிவிட்டாரே என்று பதறினேன். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நான் கத்திய கத்தலில் பாதித் தெரு கடற்கரைக்கு ஓடியது, மீதிப் பாதி கடல் என்ற சொல் காதில் விழுந்ததுமே பெரிய ரோட்டுக்கு ஓடியது, சுனாமி பார்த்த சனம், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தேடிப் போக இரண்டு படகைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மாமா கரைக்கு வந்துவிட்டார், கையில் இரண்டு பாரை மீன். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆருக்குப் புள்ள மௌத்து?" நான் அழுதுகொண்டே, "உங்களுக்குத்தான் காக்கா" என்றேன்.

இந்தக் குழாய் எதையும் தலைகீழாகத்தான் காட்டுமாம். காட்டுமாம் என்ன, இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் வில்லை கீறி, அதற்கு அந்தப் பக்கம் தலைகீழ் மெழுகுதிரி கீறிப் படிப்பித்த விஞ்ஞான டீச்சர் நான். கவிழ்ந்த படகுக்கு மேலே கடல் இருக்கிறதே என்று ஒரு கணம் யோசிக்கவில்லை. மீன் எடுக்க வந்து நின்ற என் பழைய மாணவன் நளீர், கரை முழுக்கக் கேட்க, "டீச்சர், மெழுகுதிரிய நிமித்திக் கீறினன் எண்டு எனக்கு முட்ட போட்டீங்களே, நெனவிருக்கா?" என்றான். ஓம் என்று தலையாட்டினேன், வேறென்ன செய்ய.

இப்போது மாமா தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வருகிறார். "இண்டைக்கு நான் உசிரோடயா எண்டு பாத்துச் சொல்லு புள்ள" என்று கேட்டுவிட்டு, நிலாவின் குழிகளைப் பார்த்துக்கொண்டே மூன்று கோப்பை தேத்தண்ணீர் குடிக்கிறார். அந்த நிலாவும் தலைகீழ்தான், அதற்காக ஒருவரும் ஓடவில்லை. நேற்று வட்டிலப்பம் அவித்தேன், வாப்பாவுக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

அல்லாஹ் உன் உழைப்பிலும் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக, கண் முழித்து வேலை செய்யாதே. படத்தை நிமிர்த்துகிற கண்ணாடி தனியாக விற்கிறதாம், அனுப்பட்டுமா என்று நேற்றுக் கேட்டாய், அதை அந்தச் செவ்வாய்க்கு முதல் கேட்டிருக்கலாம். இனி அனுப்பாதே மகன். எல்லாம் நேராகத் தெரிந்தால் உன் மாமா எதைச் சொல்லிக்கொண்டு இங்கே வருவார்.

உன் உம்மா,
றுக்ஸானா டீச்சர்