ஒப்படைப்பு விழாவுக்கு வர மாட்டோம்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
செவ்வாய்க்கிழமை

கெப்பாலா பத்தாஸ் பிள்ளைகள் இல்லத்தில் வேலை வழிகாட்டித் திட்டத்தைக் கவனிக்கும் சூசை சார் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நான் நலமா என்று கேட்க வேண்டாம். கேட்டால் அதையும் படம் பிடித்து முகநூலில் போட்டுவிடுவீர்கள்.

வாட்ஸ்அப்பில் சொன்னால் கும்பிடும் கை இரண்டை அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள் என்பதால் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் வந்ததைத்தான் நீங்கள் கோப்பில் சேர்ப்பீர்கள். ஒன்பது வருடம் அங்கே சோறு தின்றவளுக்கு இது தெரியாதா? என் கோப்பு இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கும், இதையும் அதில் போட்டு வையுங்கள்.

வருகிற சனிக்கிழமை கெல்வினுக்கு ஒப்படைப்பு விழா என்று அழைப்பிதழ் வந்தது. பதினெட்டு வயதாகி இல்லத்தை விட்டு வெளியே வருகிற என் தம்பிக்கு மாலை போட்டு, பேரங்காடி முதலாளி கையில் வேலைக்கு ஒப்படைக்கப் போகிறீர்களாம். பத்திரிகைக்காரர்களும் வருவார்களாம். அக்கா என்ற முறையில் நான் மேடையேறி என் வெற்றிக் கதையை ஐந்து நிமிடம் சொல்ல வேண்டுமாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க அவன் என்ன தபால் பார்சலா? அவன் வர மாட்டான். நானும் வர மாட்டேன்.

என் வெற்றிக் கதையை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நீங்களும் அதில் இருக்கிறீர்கள்.

சூலியா தெருப் பக்கம் அந்த ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையை நீங்கள்தான் வாங்கிக் கொடுத்தீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. நேர்முகத்துக்குக் கறுப்புச் சப்பாத்துகூட வாங்கித் தந்தீர்கள். ஓர் அளவு பெரிது, முன்னால் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். நான் எங்கிருந்து வந்தவள் என்று மேலாளருக்கு மட்டும்தான் தெரியும். கூட வேலை செய்தவர்களிடம், எனக்கு டத்தோ கிராமாட்டில் அம்மா இருப்பதாகச் சொல்லியிருந்தேன். பொய்தான். தினமும் கடையில் மீன் கறி வாங்கி டிபன் கேரியரில் மாற்றி, அம்மா ஆக்கியது என்று கொண்டு போவேன். என்னோடு அறை சுத்தம் செய்யும் சுஹானா பாதியைத் தின்றுவிட்டு, அம்மா கை ருசியே தனி என்பாள். பதினொரு மாதம் இப்படி ஓடியது. பதினொரு மாதமும் நான் எல்லோரையும் போல ஒருத்தியாக இருந்தேன் சார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியவே புரியாது.

அப்புறம் நீங்கள் கண்காணிப்பு வருகை என்று வந்தீர்கள். மஞ்சள் டீ-சட்டை போட்ட ஆறு தொண்டர்கள், ஒரு கேமரா, இரண்டு பேர் பிடிக்கிற நீளத்துக்கு ஒரு பேனர். மேல்மாடியில் கழிவறை கழுவிக்கொண்டிருந்த என்னைக் கீழே கூப்பிட்டு, வரவேற்பறை நடுவில், ஈரக் கையோடு பேனருக்கு முன்னால் நிறுத்தினீர்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்பா அம்மா இல்லாத புள்ள, கொஞ்சம் பாத்துக்குங்க" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று மதியம் சுஹானா என் கேரியரைத் தொடவில்லை. "அப்படின்னா இவ்ளோ நாளா மீன் கறி யாருதான் ஆக்குனா லா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் எழுந்து போய் அத்தனையையும் குப்பையில் கொட்டினேன்.

நீங்கள் வந்துபோன மூன்றாவது வாரம் ஒரு விருந்தாளியின் மோதிரத்தைக் காணவில்லை. அந்த மாடியில் நான்கு பேர் வேலை செய்தோம். திறந்து பார்த்தது என் அலமாரியை மட்டும். உள்ளாடை வைத்திருந்த பையைக்கூட உதறிப் பார்த்தார்கள். சாயங்காலம் மோதிரம் அந்த அம்மாவின் சோப்புப் பெட்டியிலேயே கிடைத்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. உங்களுக்குப் போன் போட்டு அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? "பொறுத்துப் போம்மா, உன்னால மத்த புள்ளைங்களுக்கு வேலை கெடைக்காமப் போயிடும்" என்றீர்கள். மறுநாளே வேலையை விட்டேன். உங்கள் ஆண்டு மலரில் மட்டும் நான் இன்னும் அந்த ஹோட்டலில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். கருவிகளைக் கழுவி அடுக்கி வைப்பேன். நானே தேடிக்கொண்டது. எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன், நீங்கள் பேனரோடு வந்து நிற்பீர்கள்.

இனி கெல்வின் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை அவனை வெளியே அழைத்துப் போக அனுமதி கேட்டேனே, பூசைக்கு என்று சொல்லி? பூசை முடிந்ததும், எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் காருக்குக் குளிரூட்டும் ஏர்கோன் பழுது பார்க்கும் முஸ்தஃபா அண்ணனிடம் அவனைக் கூட்டிப் போனேன். என் தம்பி, ஏர்கோன் வேலை படித்திருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு பழைய காரைக் காட்டி, கழற்றிப் பூட்டுடா பார்க்கலாம் என்றார். ஒன்றரை மணி நேரம் வேர்த்து விறுவிறுத்துப் பூட்டினான். ஒரு திருகாணி மிச்சம் விழுந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அடுத்த வாரத் திங்கட்கிழமை வந்துடு என்றார். அவ்வளவுதான் சார். மாலை இல்லை, மேடை இல்லை. என் தம்பி திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்தத் திருகாணியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

அவனை அங்கே எல்லோரையும் போல வேலை செய்ய விடுங்கள். நாளைக்கு ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் எல்லோர் பையையும் பார்க்கட்டும், அவன் பையை மட்டும் பார்க்கக் கூடாது. நான் கேட்பது அது ஒன்றுதான். பார்வையிட வராதீர்கள், யாரையும் அனுப்பாதீர்கள்.

இதோடு முடித்து உறையை ஒட்டியிருப்பேன். முடியவில்லை.

நாங்கள் கிளம்பும்போது முஸ்தஃபா அண்ணன், "தம்பி, அவசரம்னா கூப்பிடணும், ஒங்க அப்பா நம்பர் குடு" என்றார். நான் என் எண்ணைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கெல்வின் மடமடவென்று ஓர் எண்ணை ஒப்பித்துவிட்டான். அது உங்கள் எண். அண்ணனும் அதைப் போனில் பதிந்துகொண்டு, ஒரு நாள் பேசுகிறேன் என்றார். வெளியே வந்ததும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "வேற யாரு நம்பர குடுக்கச் சொல்ற?" என்று கேட்டான்.

ஆகவே அவர் கூப்பிடுவார். கெல்வினின் அப்பாவா என்று கேட்பார். இல்லம், திட்டம், நன்கொடையாளர் என்று எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். வேலைக்குப் பிந்தி வந்தால் கண்டித்து வையுங்கள் என்று சொல்லுங்கள். மதியம் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்றும் கேளுங்கள். அப்பாக்கள் அப்படியெல்லாம் கேட்பார்கள் என்று நினைக்கிறேன், எனக்குச் சரியாகத் தெரியாது.

கோபம் தீராமலே கேட்கிறேன், கைவிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கெல்வினின் அக்கா
லினெட்