நீல சாக்பீஸ்

பெருங்காயம் பொரியும் வாசனை வந்ததும் உங்களைக் கூப்பிட வாயெடுத்தேன், சம்பந்தி. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது என்பது பிறகுதான் உறைத்தது. புளிக்காய்ச்சல் கொதித்ததும் உங்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்க்கச் சொல்வேனே. இன்று நானே பார்த்துக்கொண்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.

என் மகளும் உங்கள் மகனும் நம்மை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போனபோது, வழி நெடுக மூடுபனி. அதோ பனியாறு என்று மைக்கில் சொன்னார்கள்; நமக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை. ஈரோட்டுப் பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் பூகோளம் நடத்தியவர் நீங்கள். "எத்தன வருசமா போர்டுல பனியாறு வரைஞ்சிருப்பனுங்க! ஒண்ணக்கூட கண்ணுல பாத்ததில்ல" என்று பஃபேயில் தயிரைத் தேடியபடி சொன்னீர்கள். அடுத்த வாரம் உங்களுக்கு ஊருக்கு டிக்கெட். இன்னொரு முறை இவ்வளவு தூரம் வர உடம்பு இடம் கொடுக்காது என்பது நம் இருவருக்குமே தெரியும்.

சீவார்ட் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய அன்றே பேத்திக்குக் காய்ச்சல். மறுநாள் முழுக்க ஓட்டல் அறையில் அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. ஹெலிகாப்டரில் பனியாற்றுக்குப் போகும் டூரின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, அந்த நோட்டீஸை மடித்துக் குழந்தைக்கு விசிறினீர்கள். பிறகு வரவேற்பறைப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, ஊருக்குள்ளிருந்தே பனியாற்றுக்கு வேன் போகிறது, நடந்து பார்ப்பதற்குக் கட்டணமே இல்லை என்று துப்பறிந்து வந்தீர்கள்.

"தனியாவா? வேண்டாம் அத்தை. அடுத்த ட்ரிப்ல நாங்களே டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் என் மகள்.

"எனக்கு அடுத்த ட்ரிப் இல்ல கண்ணு" என்றீர்கள். அவள் உங்கள் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள்.

மகள் காரை எடுக்காமல் அமெரிக்காவில் நான் தெருமுனையைத் தாண்டியதில்லை. என்னையும் கூட வரச் சொன்னீர்கள். அடுத்த நாள் விடியுமுன்பே நீங்கள் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த குக்கரில் சோறு வடித்துப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தீர்கள். வேனுக்குக் காத்திருந்தபோது படகுத்துறையில் ஒரு நீர்நாய் குட்டியை வயிற்றில் போட்டுக்கொண்டு மல்லாந்து மிதந்தது. கப்பலில் பைனாகுலரோடு ஒரு வாரம் தவம் கிடந்தும் கிடைக்காத காட்சி, கைக்கெட்டும் தூரத்தில்.

பனியாற்றின் அடிவாரத்தில் சீருடை அணிந்த ஒரு பெண் நம்மை நிறுத்தினாள். காலையில் கரடி நடமாட்டம் இருந்ததாம்; சாப்பாட்டை அங்கிருந்த இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். நீங்கள் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"வவுத்தவிட பத்திரமான பெட்டி ஏதுங்க சம்பந்தி? உக்காருங்க."

காலை நேரத்தில் முழுப் புளியோதரையையும் சாப்பிட்டோம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு கை கொடுத்தீர்கள். மறுத்தவள் வாசனை பிடித்து அப்புறம் வாங்கிக்கொண்டாள். நம்மோடு வேனில் வந்தவர்கள் அதற்குள் மேலே போய், மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று சலித்தபடி திரும்பினார்கள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நீங்கள் கையை உதறிக்கொண்டு எழுந்தீர்கள். மெதுவாக, மூச்சு வாங்கி, என் தோளைப் பிடித்து நடந்தீர்கள்.

கடைசித் திருப்பத்தில் மேகம் விலகியது. மலையிடுக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு பனியாறு கிடந்தது. அதன் வெடிப்புகளுக்குள் அப்படி ஒரு நீலம்.

நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வளைவு, வெடிப்பு, ஓரத்துல கல்லுக்குவியல், எல்லாம் சரியாத்தான் வரைஞ்சிருக்கேன். ஆனா நீல சாக்பீஸ் எடுத்திருக்கோணுமுங்க" என்றீர்கள். எதிர்ச் சரிவில் கரும்புள்ளியாக ஒரு கரடி நகர்ந்தது. "புளியோதரை தீந்துபோச்சுன்னு போய்ச் சொல்லுங்க" என்று என்னை இடித்தீர்கள். நாம் சிரித்த சிரிப்பில் இரண்டு வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பெருமையாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

இப்போது எங்கள் ஊர் எடிசன் ரயில் நிலையத்தில் எந்த நடைமேடை எங்கே போகும் என்று என் மகளே என்னிடம் கேட்கிறாள். ஜெர்சி கடற்கரையில் கரையிலிருந்தே திமிங்கலம் தெரிகிறதாம். "வீக்கெண்ட் வரைக்கும் வெயிட் பண்ணும்மா, நான் டிரைவ் பண்றேன்" என்றாள். ரயில் இருக்கிறதே என்றேன். நம் தெருவில் பிள்ளைகள் கூட்டிப்போகும் அடுத்த ட்ரிப்புக்காகக் காத்திருக்கும் ஆன்ட்டிகள் இரண்டு பேரையும் கிளப்பிவிட்டேன்.

புளியோதரை டப்பாவை மூடிவிட்டேன், சம்பந்தி. பைக்குள் ஒரு நீல சாக்பீஸும் இருக்கிறது.