செருப்பில் வெட்டிய வாஷர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றி எழுதுவதற்கில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா என்று அம்மா தினமும் கேட்கிறாள். சித்தப்பா இறந்த அன்று போனில், கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கக் கூடாதாப்பா என்று கேட்டாய். பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அன்று காலை ஏழு மணிக்குச் சித்தி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டு, நினைவு இருக்கு, உங்களைத்தான் கேட்கிறார், உடனே வாங்க என்றாள். பதினொரு வருஷமாக நான் அவனோடு பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால், அண்ணனுக்குப் புஸ்தகம் தெரியும், மனுஷங்களைத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தான். அதை நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. ஆனாலும் பத்தே நிமிஷத்தில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்துவிட்டேன், இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கல்குவாரி தாண்டி ஆளில்லாத இடத்தில் கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. கியர்பாக்ஸ் பக்கத்துச் சின்ன சிலிண்டரில் ரப்பர் வாஷர் கிழிந்து ஆயில் முழுக்க ஒழுகியிருந்தது. முன்பு இதே கோளாறு வந்தபோது உன் சித்தப்பா தன் ரப்பர் செருப்பில் ஒரு வட்டம் வெட்டி உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் தாங்கும், அதுக்குள்ள வீடு போய்ச் சேரு என்றான். நானும் என் செருப்பை வெட்டினேன். சீட்டுக்கடியில் கிடந்த அரை பாட்டில் ஆயிலை ஊற்றினேன். இனி குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், அதற்கு ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்து, காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எப்போதும் அவன் கீழே, நான் மேலே. நான் மிதித்ததும் ம் என்பான், அப்படியே பிடித்திரு என்று அர்த்தம். அன்று நான் கீழே, அம்மா மேலே. மிதி என்றேன், மிதித்தாள். பழக்கத்தில் ம் என்று சொல்லி நிப்பிளைத் திறந்தேன். இத்தனை வருஷமாக நம் வீட்டில் நான் ம் என்றால், போதும், விடு என்றுதானே அர்த்தம். அவள் காலை எடுத்துவிட்டாள், காற்று திரும்ப உள்ளே போய்விட்டது. அடியில் வைத்திருந்த தட்டில் வடிந்த ஆயிலை அவள் கைக்குட்டையில் வடிகட்டி ஊற்றி, முதலிலிருந்து செய்து முடிக்க முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரியில் சித்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உயிர் போய் இருபது நிமிஷம் ஆச்சு என்றாள். நான் ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

அம்மா தன்னால்தான் என்று அழுதுகொண்டே இருக்கிறாள். இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. போனில் நீ சொல். ஒன்பது நாளாகிறது, அந்தச் செருப்புத் துண்டு இன்னும் ஒழுகவில்லை. மெக்கானிக் புது வாஷரோடு வந்தார், இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். நீ எனக்குத் தெரியாமல் வாரம் தவறாமல் அவனிடம் பேசிவந்ததைச் சித்தி சொன்னாள். சுருக்கென்றுதான் இருந்தது. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் ஆசிகள். மறக்காமல் ஒன்று எழுது. அவன் என்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னான்? திட்டியிருந்தால், திட்டினதையே எழுது.

இப்படிக்கு,
அப்பா