பாலத்தில் திரும்பி நின்றோம்

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச் முடிந்து காபி குடிக்கப் போன இடத்தில் அண்ணன் வெர்லின் ஒருவனின் பல்லை உடைத்துவிட்டான்.

உடைபட்டவன் உரக்கடைக்காரன். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பக்கத்து மாநிலத்திலிருந்து அணுக்கழிவு லாரிகள் எங்கள் ஊர்ப் பாலம் வழியாக வரப்போவதைப் பற்றி, "வந்தா வரட்டுமே, வாஷிங்டன் போட்ட ரோடுதானே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது, இடுப்பு வலி வேறு. மேசையைத் தாண்டிப் போய்க் குத்தினான். முட்டைத் தட்டில் ரத்தம். காலரைப் பிடித்து வெளியே பனிக்கு இழுத்து வந்தேன்.

"அறிவிருக்கா அண்ணே உனக்கு?"

"மாநில உரிமைன்னா என்னன்னு அவனுக்குத் தெரியல. விளக்கிச் சொன்னேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் எழுதி வைக்கத்தான் வேண்டும். ஆறு வருடம் முன்பு வாஷிங்டனில் இவன் கட்சி இருந்தது. அப்போது வேறொரு மாநிலத்துக் கவர்னர் மத்திய உத்தரவை மீறினார். இதே மேசையில், "அந்தாளைத் தூக்கி உள்ள போடணும்" என்று கத்தியவன் வெர்லின். மாநில உரிமை பேசி அவனோடு மல்லுக்கு நின்றவன் நான். இப்போது வாஷிங்டனில் என் கட்சி. இடம் மாறி உட்கார்ந்துகொண்டு அதே வசனத்தைப் பேசுகிறோம். இந்த நாட்டில் தேர்தலில் தோற்றவனுக்கெல்லாம் மாநில உரிமை இனிக்கும். ஜெயித்த அன்றே கசந்துபோகும். இதை நான் சொன்னால் இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

சட்டசபையில் மசோதா நிறைவேறிவிட்டது. மாநில அனுமதி இல்லாமல் அணுக்கழிவு உள்ளே வரக்கூடாதாம். அப்படி ஒரு சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்கிறது வாஷிங்டன். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறதாம், நடக்கட்டும். வக்கீல்கள் பிழைக்க வேண்டுமே.

பிப்ரவரி 7, வெள்ளி

பேருந்துப் பட்டறையில் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தபோது போன் வந்தது. நான் பகுதிநேரமாகப் பணியாற்றும் தேசியக் காவல்படையைக் கவர்னர் அழைத்துவிட்டார். லாரிகளை மறிக்க நாங்கள் பாலத்துக்குப் போக வேண்டும். சார்ஜென்ட் என்பதால் என் கீழ் ஒன்பது பேர்.

என் மனைவி மார்லிஸ் பையில் காலுறைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "நாளைக்கு ஜனாதிபதி வேற மாதிரி சொன்னா யார் பேச்சைக் கேப்பே?"

"ரெண்டு பேர் பேச்சையும் கேப்பேன்னுதான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"வெளங்கிடும்."

உண்மைதான். படையில் சேரும்போது கையைத் தூக்கி, ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் கீழ்ப்படிவேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எனக்குப் பத்தொன்பது வயது. காலேஜ் படிப்பு இலவசம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாலத்தின் நடுவில் வரிசையாக நிற்கிறோம். முகம் அக்கரைக்கு, முதுகு ஊருக்கு. முதுகுப் பக்கம் திருவிழா. கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்ததைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவருகிறார்கள். கிழவிகள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். வெர்லின் தன் பச்சை டிராக்டரைக் கொண்டுவந்து சாலையின் குறுக்கே நிறுத்தியிருக்கிறான்.

"பாத்தியா, நீ மாத்தி மாத்தி அடைச்ச டயரு. பாறை மாதிரி நிக்குது" என்று பின்சக்கரத்தைத் தட்டினான். போன இலையுதிர் காலத்தில் பட்டறையில் வைத்து நான்தான் அதற்குள் பீட்ரூட் சாற்றை அடைத்துக் கொடுத்தேன். குளிரில் உறையாது, வண்டிக்குக் கனமும் கிடைக்கும். இந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோரும் செய்வதுதான்.

என் பக்கத்தில் நிற்கும் கார்ப்பரல் ப்ரூயிட் தெற்கே பெருநகரத்துப் பெண். வெர்லின் கொண்டுவந்த சூப்பைக் குடித்துவிட்டு, "உங்க அண்ணன் உங்களை விட நல்லா சமைக்கிறாரு சார்ஜென்ட்" என்றாள். சூப்பு அண்ணி ஐவா செய்தது என்று நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

மத்திய போலீஸ் கார் ஒன்று பேச்சுவார்த்தைக்கு என்று வந்தது. பேசவே விடவில்லை. கூட்டம் எங்களைத் தாண்டிப் பாய்ந்து கண்ணாடியை உடைத்து ஒரு அதிகாரியைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தது. பூட்ஸ் காலால் மிதித்தார்கள். நானும் ப்ரூயிட்டும் மேலே விழுந்து அவரை மறைத்தோம். அவர் காது பாதி தொங்கியது. தன் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிதித்தவர்களில் வெர்லின் இருந்தான். கீழே கிடக்கிற ஆளை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறவன்.

அவன் மேல் கோபமா பயமா, தெரியவில்லை. இதோடு விடமாட்டான் இவன். ஏதாவது செய்து செத்துப்போவான். அரசியல் எக்கேடோ கெடட்டும், லாரி வரட்டும் போகட்டும். இவனை உயிரோடு அண்ணியிடம் சேர்க்க வேண்டும், எனக்கு அது போதும்.

பிப்ரவரி 12, புதன்

மதியம் எங்கள் கேப்டன் டூஃப்ரேன் ஒரு தாளை வாசித்தார். ஜனாதிபதி எங்கள் படையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். இந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குக் கவர்னர் யாரோ. பாலத்தை மறிப்பவர்களை அப்புறப்படுத்தி லாரிகளுக்கு வழிவிட வேண்டும்.

தாளை மடித்துப் பையில் வைத்தார். "படை, திரும்பு!"

திரும்பினோம். நடந்தது அவ்வளவுதான். அதே கேடயம், அதே பூட்ஸ், பனியில் அதே இடம். நேற்று வரை முதுகுக்குப் பின்னால் நின்றவர்கள் முகத்துக்கு எதிரே நிற்கிறார்கள். கன்னத்தைக் கிள்ளிய கிழவியின் கையில் எனக்கான காபிக் குவளை. ப்ரூயிட் மட்டும் அடக்க முடியாமல் சிரித்தாள், பிறகு அழுதாள்.

கிழவி காபியைப் பனியில் கொட்டிவிட்டுப் போனாள்.

என் ஆட்களில் இரண்டு பேர் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்கள். கைகால் விலங்கு போட்டுத்தான் வண்டியில் ஏற்றினார்கள். நானும் கேடயத்தைப் போட்டிருக்கலாம். மார்லிஸ் போனில் அதைத்தான் சொன்னாள். "போட்டுட்டு வாயேன். ஜெயில்னா ஜெயில்."

"நான் போனா என் இடத்துல தெக்கத்திப் பையன் எவனாவது வந்து நிப்பான். அவனுக்கு வெர்லினைத் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?"

போனை வைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வெர்லின் வந்து என் கேடயத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றான்.

"டேய் ஓரின். கடைசியா கேக்குறேன். நீ எங்க ஆளா, அவனுங்க ஆளா?"

"வீட்டுக்குப் போ அண்ணே. நாளைக்குக் காலையில இங்க இருக்காதே. ரோட்டுல எல்லைக்கு வச்சிருக்கிற ஆரஞ்சு பீப்பாயத் தாண்டி வண்டி வந்தா, ஓட்டுறவன சுடச் சொல்லி உத்தரவு. வெளையாட்டில்ல."

சிரித்தான். மீசையில் பனி. "நீ இருக்கும்போது என்னை எவன்டா சுடுவான்?"

முகத்தில் துப்பிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பினான், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வெர்லின் செத்துட்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். மறந்துபோய்விடும் என்று இல்லை. தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து அவர்கள் சொல்வதையே நானும் நம்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

காலையில் தடியடி தொடங்கியது. நானும் அடித்தேன். உரக்கடைக்காரனை அடித்தேன் — ஆமாம், பல் உடைபட்டவனேதான், அவனும் மறியலுக்கு வந்திருந்தான். ஏன் வந்தான்? கேட்க நேரமில்லை. தோள்பட்டை உடையும் சத்தம் தடி வழியாகக் கைக்கு வந்தது. கிழவியைக் கேடயத்தால் தள்ளினேன், மல்லாந்து விழுந்தாள். புகைக்குண்டு. ஒருவன் இரும்புக் குழாயால் என் தலைக்கவசத்தைப் பிளந்தான். அவனை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அடித்தோம், அவன் அடங்கிய பிறகும் அடித்தோம்.

அப்போது டிராக்டர் கிளம்பும் சத்தம். எனக்கு அந்த எஞ்சின் தெரியும்.

மெதுவாகத்தான் வந்தான். விதைக்கப் போகிறவன் போல நிதானமாக, கண்ணாடிக்குப் பின்னால் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் வரிசை தானாகப் பிரிந்து வழிவிடும் என்று நினைத்திருக்கிறான். என் தம்பி நிற்கிறானே என்று. கேப்டன் கை தூக்கிவிட்டார். ப்ரூயிட் துப்பாக்கியை ஓட்டுநர் உயரத்துக்கு ஏற்றினாள். பீப்பாய்க்கும் வண்டிக்கும் நடுவே இன்னும் கொஞ்சம்தான் இடம்.

நான் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பின்டயரைச் சுட்டேன். மூன்று தடவை. ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிடும், இறங்கி வந்து என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான், விலங்கு போட்டு வண்டியில் ஏற்றிவிடலாம் — இதுதான் கணக்கு. நின்றும்விட்டது! வண்டி நின்றுவிட்டது. பீப்பாயைத் தொடவில்லை.

ஆனால் சாறு. அழுத்தத்தில் பீய்ச்சி அடித்தது. வெள்ளைப் பனி முழுக்கக் கருஞ்சிவப்பு, வண்டிக் கதவு முழுக்கச் சிவப்பு. எனக்குத் தெரியும் அது என்னவென்று. நான் அடைத்ததுதானே. புகைக்குள் நின்றவனுக்கு எப்படித் தெரியும்? வெடிச் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தான், சிவப்பு. "வெர்லினைக் கொன்னுட்டானுங்கடா!" என்று யாரோ அலறினான். கூட்டத்திலிருந்து மான் வேட்டைத் துப்பாக்கி ஒன்று வெடித்தது. ப்ரூயிட்டின் தாடை போய்விட்டது. கீழ்த் தாடையே இல்லை. அதைப் பார்த்த எங்கள் ஆட்கள் சுட்டார்கள், எல்லோரும் சுட்டார்கள், நிறுத்து நிறுத்துன்னு கத்துனேன், எவன் கேட்டான்.

வெர்லின் கதவைத் திறந்து பாதி இறங்கியிருந்தான். கையை ஆட்டிக்கொண்டு. எதற்கு? "எனக்கு ஒண்ணும் இல்ல, சுடாதீங்க" என்று கூட்டத்துக்குச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அவன் ரத்தமும் பீட்ரூட் சாறும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. எது எது என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சவ அடக்கம். நான் சாலையிலேயே நின்றேன்.

மார்ச் 5, புதன்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மாநிலத்து வக்கீல் ஒருவர், வாஷிங்டன் வக்கீல் ஒருவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நீங்க சுட்ட நேரத்துல யாரோட ஆள்? கவர்னரோட ஆளா, ஜனாதிபதியோட ஆளா?"

"அவனோட தம்பி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ஜனாதிபதியின் ஆள் என்றால் மாநில நீதிமன்றம் எங்களை விசாரிக்க முடியாதாம். கவர்னரின் ஆள் என்றால் வாஷிங்டனுக்கு இதில் சம்பந்தமே இல்லையாம். நாள் முழுக்க அதையே பேசினார்கள். என் அண்ணனைக் கொன்றது யார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அந்தத் துப்பாக்கி யாருடையது என்பதில்தான் சண்டை. மாநில உரிமை, மாநில உரிமை என்று தொண்டை கிழியக் கத்தினாயே அண்ணே, இதோ உன் பிணத்துக்கு உரிமை கொண்டாட ஒரு மாநிலமும் இல்லை, ஒரு நாடும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சிவந்த பனியின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. தியாகியின் ரத்தம் என்று ஒரு பக்கம் எழுதுகிறது. மறுபக்கம் அதைப் போலிப் படம் என்கிறது. இரண்டுமே பொய்.

மார்ச் 28, வெள்ளி

கவர்னரும் ஜனாதிபதியும் கை குலுக்கும் படம். சமரசமாம். இனி லாரிகள் மாநில அரசின் அனுமதி முத்திரையோடு போகும். மாநில உரிமை காப்பாற்றப்பட்டது என்கிறார் கவர்னர். நாட்டின் சட்டம் நிலைநாட்டப்பட்டது என்கிறார் ஜனாதிபதி. அதே லாரி. அதே பாலம். கவர்னர் அடுத்து செனட் தேர்தலில் நிற்கப்போகிறாராம்.

தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன். மார்லிஸ் துடைப்பம் எடுத்து வந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு ப்ரூயிட்டைப் பார்க்கப் போனேன். எழுதிக் காட்டித்தான் பேசுகிறாள். "அது ரத்தம் இல்லையா?" என்று எழுதினாள். இல்லை, டயரிலிருந்த சாறு என்றேன். அந்தத் தாளை நான்காக மடித்து வைத்தாள்.

மே 3, சனி

விவசாயி ஒருவன் செத்துப்போனால் அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டிகளோடு வந்து அவன் நிலத்தை ஒரே நாளில் விதைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். இன்று வெர்லின் நிலத்துக்கு வந்தார்கள். உரக்கடைக்காரன் உடைந்த தோளுக்காக ஒரு கையைக் கழுத்தோடு துணியில் கட்டிக்கொண்டு விதை மூட்டைகளோடு வந்திருந்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை.

பட்டறைச் சாமான்களோடு நானாகப் போனேன். பச்சை டிராக்டர் களஞ்சியத்துக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. கிழிந்த டயரைக் கழற்றிப் புதியது மாட்டிச் சாறு அடைத்தேன். கையெல்லாம் சிவப்பு. அண்ணி வந்து பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை.

"அன்னிக்கும் இதான் கொட்டுச்சா?"

"ஆமா அண்ணி. முதல்ல இதுதான்."

அப்போது பாலத்துப் பக்கத்திலிருந்து லாரிகள் வந்தன. முன்னால் மாநிலப் போலீஸ் கார், பின்னால் ராணுவ ஜீப், நடுவில் அவை. வயலில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், எதிரே வண்டி வந்தால் ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லும் ஊர்ப் பழக்கத்தில், ஒவ்வொருவராக விரலைத் தூக்கினார்கள். லாரிக்காரனும் தூக்கினான்.

கடைசி லாரியும் போனது. அண்ணி சாவியை என் முன்னால் புல்லில் போட்டாள்.

"கெழக்கு வயலுக்கு ஆள் போதல. ஓட்டி முடி. முடிச்சதும் போயிடு. அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வராதே."

ஏறினேன். கண்ணாடியில் ஓட்டைகளை அட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். இருக்கையை முன்னே பின்னே நகர்த்த வேண்டியிருக்கவில்லை. நானும் வெர்லினும் ஒரே உயரம்.