ஜோவெலினின் கைகள்மீது ஒரு கண்

ஆகஸ்ட் 4, திங்கள்
தாத்தா கிளாரோவின் குடலிறக்கத் தையலில் இன்று சீழ். சிசேரியன் ஆன அனலினுக்கும் தையல் சிவந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக இந்த வார்டில் புண் கழுவுகிறேன், ஒரே வாரத்தில் இரண்டு கண்டதில்லை. புதிதாக வந்தது யார்? ஒப்பந்த நர்ஸ் ஜோவெலின். வேறென்ன மாறியிருக்கிறது?

ஆகஸ்ட் 5
மருந்து அடுக்குகிற சாக்கில் அவள் பக்கத்தில் நின்றேன். கை கழுவினாள். கிருமி நீக்கிய துணியை ஓரம் பிடித்தே விரித்தாள். தையலின் மேலிருந்து கீழே ஒரே துடைப்பு, அந்தப் பஞ்சைக் குப்பையில் போட்டாள், அடுத்த பஞ்சு. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்ப்பதால் செய்கிறாளோ?
"என்னக்கா, பரீட்சையா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 7
மூன்றாவது. பித்தப்பை எடுத்த நேலியா.
மூவருமே ஏழைகள். மருந்துச் சீட்டைக் கொடுத்தால் பஞ்சும் சலைனும் வாங்கிவர வழியில்லாதவர்கள். இவர்களுக்காகத்தான் என் அலமாரி — வீட்டுக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் கட்டுத்துணி, பாதி சலைன் பாட்டில்கள். அதுவும் இல்லாவிட்டால் இவர்கள் புண்ணை எதில் கழுவுவது? ஏழை என்றால் ஜோவெலினுக்கு இளக்காரம் போல. வாங்கித் தருகிறவர்களின் புண்ணெல்லாம் நன்றாக ஆறுகிறதே!

ஆகஸ்ட் 8
பிடித்துவிட்டேன். என் அலமாரி பாட்டில்களைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
"என்னடி பண்ற?"
"எப்போ திறந்ததுன்னே தெரியலக்கா. தேதியும் இல்ல..."
"உங்கப்பன் வீட்டுச் சொத்தா ஊத்துறதுக்கு?"
முகம் சுண்டிப்போனது. மிச்ச பாட்டில்களைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். எதையோ மறைக்கிறாள்.

ஆகஸ்ட் 9
தலைமை நர்ஸ் எஸ்த்ரெலிடா மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜோவெலினின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. என் கடிதம் ஒன்று போதும், புதுப்பிக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 11
அனலினின் தையல் பிரிந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன். கிமராஸ் தீவிலிருந்து படகில் வந்திருந்த புருஷன், கைக்குழந்தையோடு என் பின்னாலேயே வந்தான்.
"இறால் குடுத்தோம்மா. புண்ணுக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொல்லிச்சு, நான்தான் கேக்கல. அதனாலயா?"
இல்லை என்றேன். ஜோவெலின் இருந்த பக்கம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 13
என் கடிதத்துக்குப் பிறகு மேடம் எல்லார் கையிலும், குழாயிலும், பாட்டிலிலும் எடுக்கச் சொன்ன மாதிரிகளின் முடிவு வந்தது. ஜோவெலினின் கை சுத்தம். என் கையும் சுத்தம். என் அலமாரி சலைனில் கிருமி. மூன்று புண்ணிலும் அதே கிருமி.
மேடம் ஒரு பாட்டிலை மேசையில் வைத்தார். 'இல்லாதவர்களுக்கு' என்று அதில் எழுதியிருந்தது. "இது யார் எழுத்து, பெர்லா?"
என் எழுத்து.
திறந்த சலைன் ஒரு நாளுக்கு மேல் ஆகாது — எத்தனை மாணவிகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருப்பேன்! ஏழைக்குன்னு வந்தா மட்டும் அது ஏன் எனக்கு மறந்துபோச்சு? அந்தப் பொண்ணு ஊத்தினப்போகூட நான் திட்டினேனே. பாவி, பாவி.

ஆகஸ்ட் 14
கடிதத்தைத் திரும்பப் பெற்று, என் தவறைச் சொல்லி இன்னொன்று எழுதிக் கொடுத்தேன்.
அனலினின் புருஷனிடம் போனேன். "இறால் இல்லப்பா. நான்தான்." அவன் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆகஸ்ட் 20
ஜோவெலினிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 1
அவளுக்கு ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது. நான் ஆறு வாரம் தனியாகப் புண் கழுவக் கூடாது, ஒருவர் நின்று பார்க்க வேண்டும். யார் என்று மேடம் கேட்டபோது அவள் பெயரைச் சொன்னேன்.
இன்று அனலினுக்குப் பாதி துடைத்திருப்பேன். "அக்கா, முழங்கை துணியில பட்டுச்சு," என்றாள் ஜோவெலின்.
படவில்லை என்றுதான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, கை கழுவப் போனேன்.