தாளில் விடுபட்ட வரி

அய்யாவின் காலைத் தொட்டு நல்லகாமன் எழுதுவது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சுகமாகவே இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? தங்கச்சி அழகம்மாள்தான் இதைப் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன்.

மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு நம் குலசாமி கோயிலுக்கு வர லீவு கேட்டுத் துரைக்கு இங்கிலீஷில் எழுதினேன். முடிவில் ‘யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்’, அதாவது தங்கள் சொல்லுக்கு அடங்கிய வேலைக்காரன் என்று போட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். என் கடிதத்தில் அந்த வரி இல்லை. துரை கூப்பிட்டு, நீ காங்கிரஸா என்றார். தாளில் இடம் பற்றவில்லை என்றேன். சிரித்தார். ஆனால் எந்த ஊர், எந்த போலீஸ் ஸ்டேஷன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நாளைக் காலை திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும்.

கூட வேலை பார்க்கும் வாடிப்பட்டிச் சின்னச்சாமி, “ஒத்த வரிண்ணே, எழுதிட்டுப் போங்க. இதுக்குப் போயி இம்புட்டு நடுக்கமா?” என்கிறான்.

நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நம் சாதி ஆம்பளைகள் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் ரேகை வைத்து அங்கேயே படுக்க வேண்டும் என்கிற சட்டத்தை ஒரு நாளும் மீறிவிடாதீர்கள். காய்ச்சல் என்றாலும் போய்விடுங்கள். இங்கே குளிரில் விரல் விறைக்கிறது, ஒரு கம்பளி அனுப்புங்கள். உங்களுடையது வேண்டாம், ஸ்டேஷன் தரைக்கு அது உங்களுக்கு வேண்டும்.

தபால்காரர் காத்து நிற்கிறார். அழகம்மா, இனி வருவதை அய்யா காதில் மட்டும் சொல். துரைக்குக் கொடுத்த தாளில் பாதி வெறுமையாகத்தான் இருந்தது. நாளை அந்த இடத்துக்கு வரும்போது என் கை என்ன செய்யுமோ என்றுதான் பயமாயிருக்கிறது.

தங்கள் சொல்லுக்கு அடங்கிய மகன்,
நல்லகாமன்