மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

பிட்ஸ்பர்க்,
மே 9

அன்பு மகள் டெல்ஃபீனுக்கு,

ராட்டர்டாமில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. சுகம் கேட்காமல் கடிதத்தைத் தொடங்கினால் உன் அம்மா பேனாவைப் பிடுங்கிவிடுவாள், அதனால் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒலியைச் சரிசெய்து தா என்று உன்னிடம் அனுப்பிய என் ரெக்கார்டில் இருந்து உன் அம்மாவின் குரலை நீ வெட்டி எடுத்துவிட்டாய். ஃபோனில் ஒரு வரி பதிந்து வைக்கக்கூட சம்மதிக்காத வெர்லீன், வாழ்நாளில் ஒரே ஒரு முறை மைக்குக்குப் பக்கத்தில் வாய் திறந்தாள். அந்த ஆறு எண்களை நீ வெட்டினாய். மூன்று வாரமாக என் ஃபோனையும் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரெக்கார்டுக்கு வாசித்த அன்று நீ அங்கே இல்லை, அதனால் நடந்ததைத் தெரிந்துகொள். நாற்பத்தாறு வருஷம் நான் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று, ஆள் உயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் வாசித்தவன். யாரிடமும் படிக்காமல், நாற்காலிக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே ரேடியோவைக் கேட்டுக் கற்றவன், காது ஒன்றுதான் என் சொத்து. எழுபத்திரண்டு வயதில் என் பெயரில் ஒரு ரெக்கார்டு போட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை, உன் அம்மாதான் விடவில்லை. முப்பத்தொரு ரெக்கார்டைத் தூசி தட்டிட்டேன், எல்லாத்துலயும் பின்பக்கம் பொடி எழுத்துலதான் உன் பேரு, நான் கண்ணாடி போடாம படிக்கிற மாதிரி ஒன்னு பண்ணு மிஸ்டர் பெட்டிஸ் என்றாள். அக்டோபரில் ஸ்டுடியோவில் பண்ணினோம். எல்லோரும் தயார், பதிவு தொடங்கிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிந்தது, யாரும் வாசிக்கவில்லை. டிரம்ஸில் இருந்த ஹோசியா, பெரியவரே, எதுக்குக் காத்திருக்கோம், கப்பலுக்கா என்று கேட்டான். லீடர் எண்ணட்டும் என்று காத்திருக்கிறேன் என்றேன். அன்று லீடர் நான்தான், விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை மகளே. எந்த வேகத்தில் போக வேண்டும் என்று எண்ணிக் கொடுப்பது லீடரின் வேலை, நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட நான் எண்ணித் தொடங்கியதில்லை. வாயைத் திறந்தேன், எண் வரவில்லை. அப்போது கதவோரம் மடக்கு நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அம்மா, ஐயோ கடவுளே, ஒன்னு, ரெண்டு, என்று விரலைச் சொடுக்கி, பிறகு ஒன்னு ரெண்டு மூணு நாலு என்று எண்ணிக் கொடுத்தாள். நாங்கள் ஒத்திகை பார்த்ததைவிட மெதுவாக. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாசிக்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சுரத்துக்கும் உட்கார இடம் கிடைத்தது, பியானோக்காரன் கண்ணை மூடிக்கொண்டான், இரண்டாம் முறை எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவளிடம், சவ ஊர்வலத்துக்கு எண்ணுற மாதிரி எண்ணுனியே என்றேன். நீ எண்ணாததை விட நல்லாத்தான் இருந்துச்சு என்று சிரித்தாள்.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவின் அடக்கம் முடிந்து நீ விமானம் ஏறிய பிறகும் சர்ச்சுப் பெண்கள் புதன்தோறும் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். சிஸ்டர் ஓட்டலியின் கீரையில் உப்பு இல்லை, ஜெபம் பண்ணும்போதே சமைச்சிருப்பா என்று உன் அம்மா சொல்லியிருப்பாள், அதை நானே சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறேன். கூரை ஒழுகுவதை ஹோசியா சரி செய்துவிட்டான். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அவளுடைய கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, எடுத்துப் போகிறேன் என்று வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போன மாதம் ரெக்கார்டுப் பெட்டிகள் வந்தன. உன் அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றைச் சுழலவிட்டேன், அவள் குரலுக்குக் காத்திருந்தேன், நேராக என் பேஸ் வந்தது. ஊசியை எடுத்து நாலு முறை வைத்துப் பார்த்தேன்.

அன்றே உன்னைக் கூப்பிட்டு ஃபோனில் கத்தினேன், அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ சொன்னதையும் மறக்கவில்லை. எண்ணுறதை எல்லாருமே வெட்டிடுவாங்க டாடி, அது வழக்கம் என்று தொடங்கினாய். பிறகு அழுதுகொண்டே, அது காரணம் இல்ல, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல அம்மா மூச்சு வாங்குறாங்க, ஹெட்போன்ல அது எவ்வளவு பெருசா கேக்கும் தெரியுமா, அதைக் கேட்டுட்டுத்தானே நவம்பர்ல உங்களைக் கூப்பிட்டேன் என்றாய். கூப்பிட்டாய். அம்மாவுக்கு மூச்சு இளைக்குதா என்று கேட்டாய். மைக்குல ஏதோ கோளாறு, உன் வேலையைப் பாரு என்றேன். டிசம்பரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதன் பிறகும் ஜனவரிக் கடைசி வரை உன்னிடம் மறைத்தது அவள் வாங்கிய சத்தியம், அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. ஜனவரியில் நீ வேலை முடித்து, சரியா என்று கேட்டு அனுப்பிய பதிவை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு கேட்காமலே சரி என்று சொன்னதும் நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் ஐம்பது வருஷம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவன் நான். காது ஒன்றுதான் சொத்து என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அவள் மெதுவாக எண்ணினாள் என்றுதான் எனக்குக் கேட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து உனக்கு வேறு கேட்டது. உனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை, வெட்டினாய். எனக்கு அது இல்லாமல் கேட்கச் சகிக்கவில்லை. இதில் யார் விட்டுக்கொடுப்பது என்றால், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நீ எதையும் தூக்கி எறியாதவள், வெட்டியதும் உன்னிடம்தான் இருக்கும். அதை இருந்த இடத்திலேயே திரும்ப வை. ஐயோ கடவுளே என்பதும் இருக்கட்டும். மூச்சைச் சுத்தம் செய்யாதே. வந்த பெட்டிகள் ஹோசியாவின் கராஜில் இருக்கின்றன, ஒன்றுகூட வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஜூன் மாத வெளியீட்டுக் கச்சேரியை செப்டம்பருக்குத் தள்ளும்படி கிளப்பில் பேசுவதும் அவன்தான், நான் பேசினால் சண்டை வரும். மாப்பிள்ளை உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்க வேண்டும், கம்பளித் துணி இல்லாமல் அந்த ஈரக்காற்றில் வெளியே விடக்கூடாது. செப்டம்பரில் இரண்டு பேரும் வர வேண்டும், அம்மாவின் கோட்டை நீ எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். எனக்கு ஒரு வேலைதான். மேடையில் அந்தப் பாட்டை நான் எண்ணித் தொடங்க வேண்டும், அவள் வேகத்தில். காலையில் காபி கொதிக்கும்போது சமையலறையில் நின்று எண்ணிப் பழகுகிறேன். மூன்று வரை வருகிறது. அதற்கு மேல் அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூப்பிடுவேன். நீ எடுக்க வேண்டும். எடுத்து எனக்கு எண்ணிக் காட்ட வேண்டும்.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும்.

உன் அப்பா,
எல்வுட் பெட்டிஸ்